அறிஞர் பெயரை அட்டையில் போடும் முன்: நாட்குறிப்பு வெளியீட்டுக் குழுவுக்குத் திறந்த மடல்

நாகர்கோவிலில் அந்த நாட்குறிப்பை நூலாக்கிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு, வணக்கம்.

மறைகுறிகளில் எழுதிய அந்த நோட்டு நம் கல்வெட்டறிஞருடையதுதான் என்று நம்புகிறீர்கள். அது உண்மையானால் எனக்கும் பெரிய மகிழ்ச்சி. அவருடைய கட்டுரைகளைப் படித்து வளர்ந்தவன் நான். கல்லில் தேய்ந்துபோன எழுத்தை ஊகித்து நிரப்பாமல், புள்ளியிட்டு விட்டவர் அவர். சோதித்து முடிக்கும் வரை அவர் பெயரை அட்டையில் போடாதீர்கள். நானும் அதனால்தான் இங்கே எழுதவில்லை.

முதலில் குறிகளைப் படித்த முறை. ஒரு குறிக்கு ஓர் எழுத்து என்றால் கடைசிப் பக்கம் வரை அதேதான். இடத்துக்கு இடம் மாற்றிக்கொண்டால் எதை வேண்டுமானாலும் படித்துவிடலாம். உங்கள் குறிப்பட்டியலோடு, இன்னும் படிக்காத சில பக்கங்களை வெளியாள் ஒருவரிடம் கொடுங்கள். ‘ழ’வில் தொடங்கும் சொற்களும் ‘க்’கில் முடியும் சொற்களுமாக வந்தால் பட்டியல் தவறு.

சரி, படித்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எழுதியது யார்? நோட்டு சொல்லும் 1920களில் நம் ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே வழங்கிய கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். 1099 ஆவணி என்றால் 1923. அதே 1099 ஆடி என்றால் 1924. பிற்காலத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதி, எல்லா மாதத்துக்கும் 825 கூட்டியிருந்தால் கிழமைகள் தப்பும். செலவுக் கணக்கையும் பாருங்கள். சமஸ்தானத்தின் சொந்த நாணயம் சக்கரம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். வடசேரிச் சந்தையில் காய் வாங்கியது பிரிட்டிஷ் இந்தியாவின் அணாக் கணக்கில் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். ‘கன்னியாகுமரி மாவட்டம்’ என்று எங்காவது வந்தால் பேச்சே இல்லை. அது 1956 நவம்பர் 1இல் பிறந்தது.

கையெழுத்து ஒத்துப்போகிறது என்கிறீர்கள். ஹிட்லரின் நாட்குறிப்பு என்று 1983இல் ஜெர்மனியின் ஸ்டெர்ன் இதழ் வெளியிட்டதற்கும் கையெழுத்து நிபுணர்கள் சரி சொல்லியிருந்தார்கள். அவர்கள் ஒப்பிட்ட மாதிரிகளிலேயே சில அதே போலியாளர் எழுதியவை! போருக்குப் பின் புழக்கத்துக்கு வந்த வெண்மையூட்டி தாளில் இருப்பதை ஆய்வகம்தான் கண்டுபிடித்தது. எனவே நோட்டு கிடைத்த வீட்டுக் கடிதங்களை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். அவர் வெளியூருக்கு எழுதி, பெற்றவர்களிடமே தங்கிவிட்ட கடிதங்களைத் தேடுங்கள். தாளும் மையும் ஆய்வகத்துக்குப் போகட்டும். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

அப்புறம், நோட்டு யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெற்றுப் பக்கம் உட்பட எல்லாப் பக்கங்களின் படங்களையும் பொதுவில் வையுங்கள். இவை முடியும் வரை வெளியீட்டு விழாவைத் தள்ளிவையுங்கள்.

அன்புடன்,
பார்வதிபுரத்திலிருந்து ஒரு வாசகன்