ஆன்லைன் செஸ் போட்டி நடத்துவோருக்கு மண்டபம் கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

மண்டபம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். மாலையில் மணி அடித்த பிறகு மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். நீங்கள் நடத்திய ஆன்லைன் தேர்வுப் போட்டியில் எங்கள் மாணவி ஒருத்தி கம்ப்யூட்டர் உதவியோடு ஆடினாள் என்று நீக்கப்பட்டிருக்கிறாள். எட்டாம் வகுப்புப் பிள்ளை. அவளுக்கு வந்தது ஆங்கிலத்தில் இரண்டு வரி மின்னஞ்சல். எந்த ஆட்டம், எந்த மூவ், என்ன ஆதாரம் என்று அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் ஊரே பார்க்கும் முடிவுப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே நீக்கிய காரணம் பளிச்சென்று இருந்தது.

நடுவர் ஒருவரை ஃபோனில் பிடித்துக் கேட்டேன். பொறுமையாகத்தான் பதில் சொன்னார். இரண்டு ஆட்டங்களில் அக்யூரசி என்ற துல்லிய மதிப்பெண் நூற்றுக்கு 97-க்கு மேல், பின்னணியில் பேச்சுக்குரல், கேமரா இடையிடையே நின்றுபோனது. இந்த மூன்றும் சேர்ந்து அவளைக் குற்றவாளி ஆக்கிவிட்டன.

ஏமாற்றே நடப்பதில்லை என்று வாதாட நான் வரவில்லை. நடக்கிறது, நிறைய நடக்கிறது. 1997-இல் அன்றைய முதல்நிலை ஆட்டக்காரர் காஸ்பரோவைத் தோற்கடிக்க ஐபிஎம் நிறுவனத்துக்கு டீப் புளூ என்ற தனி இயந்திரமே வேண்டியிருந்தது. இன்று ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜின், அதாவது செஸ் ஆடும் மென்பொருள், காசில்லாமல் கிடைக்கிறது, சாதாரண ஃபோனில் ஓடுகிறது, எந்த உலகச் சாம்பியனும் அதன் முன் நிற்க முடியாது. நார்வேயின் மேக்னஸ் கார்ல்சன் 2014-இல் தொட்ட 2882-தான் மனிதர்கள் எட்டிய உச்ச ரேட்டிங், அதாவது ஆட்டபலத்தைச் சொல்லும் எண். என்ஜின்களின் பட்டியலில் 3500-ஐத் தாண்டியவை இருக்கின்றன. ஆசை யாரையும் விடுவதில்லை. 2019-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் நடந்த நேரடிப் போட்டியில் இகோர்ஸ் ரௌசிஸ் என்ற கிராண்ட்மாஸ்டர் கழிப்பறையில் ஃபோனோடு பிடிபட்டார். 2021 ஜூனில் கொரோனா நிவாரணத்துக்காக ஆனந்தோடு ஆடிய தொழிலதிபர் நிகில் காமத், கம்ப்யூட்டர் உதவியும் பிறர் உதவியும் இருந்ததை மறுநாள் தானே ஒப்புக்கொண்டார். முடக்கப்பட்ட அவருடைய செஸ்.காம் தளக் கணக்கும் பிறகு திரும்பக் கிடைத்தது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிலும் இதைச் செய்கிறவர்கள் உண்டு. மேசைக்கு அடியில் இன்னொரு ஃபோன், கேமராவுக்குப் பின்னால் நின்று கை காட்டும் அண்ணன், எல்லாம் எனக்குத் தெரியும். அவர்களைப் பிடியுங்கள், தண்டியுங்கள். அப்படி ஆடுகிறவனிடம் தோற்றுத் தோற்றுச் செஸ்ஸையே விட்டுப் போகும் பிள்ளைகளின் கணக்கை யாரும் வைப்பதில்லை. கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் பெயரில் களங்கம் எழுதும் முன், கண்டுபிடிக்கும் வேலையை முழுதாகச் செய்யுங்கள் என்கிறேன்.

அக்யூரசியை எடுத்துக்கொள்வோம். நம் மூவ் என்ஜின் சொல்லும் சிறந்த மூவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைச் சுருக்கிச் சொல்லும் எண் அது. ஆட்டம் எவ்வளவு கடினமாக இருந்தது, எதிராளி எவ்வளவு தடுமாறினார் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இல்லை. அவளுடைய முதல் ஆட்டத்தை நீங்களே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இத்தாலியன் என்ற தொடக்க முறை மாதிரி தொடங்கி, எதிராளி நான்காவது மூவில் சிப்பாயை ஜி6 கட்டத்துக்குத் தள்ளியிருக்கிறார். இவள் ஐந்தாவது மூவில் குதிரையால் ஈ5 சிப்பாயை வெட்டி ராணியைத் திறந்துவிட்டாள். அவர் பிஷப்பால் ராணியைச் சாப்பிட்டார். அடுத்து இவள் பிஷப் எஃப்7-இல் செக், ராஜா ஈ7-க்கு ஏறியது, இன்னொரு குதிரை டி5-இல் இறங்கியது, மேட். ஏழே மூவ். இதற்கு லீகல் மேட் என்று பெயர். பாரிஸில் 18-ஆம் நூற்றாண்டில் ஆடிய ஒருவரின் பெயர். எந்தக் கோச்சும் முதல் வருடத்திலேயே சொல்லித் தருவது. ராணியைத் தூக்கிக் கொடுத்து மேட் அடிப்பதில் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு ஆனந்தம், ஒரு முறை பார்த்தால் மறக்கவே மாட்டார்கள். இந்த ஆட்டத்தில் அக்யூரசி உச்சத்தில் இல்லாமல் வேறெங்கே இருக்கும்?

இரண்டாவது ஆட்டம் நீளமானது. கடைசியில் இவளிடம் யானையும் ஒரு சிப்பாயும், அவரிடம் யானை மட்டும். சிப்பாய் ஏழாம் வரிசையில், அதன் எதிரே எட்டாம் கட்டத்தில் இவள் ராஜா. யானையை நான்காம் வரிசைக்கு இறக்கி, ராஜா வெளியே வந்ததும் அடுத்தடுத்து வரும் செக்குகளை அந்த யானையாலேயே மறைப்பது. லூசேனா நிலை என்று புத்தகத்தில் இருக்கிறது, யானையால் இப்படி மறைப்பதைப் பாலம் போடுவது என்பார்கள். எங்கள் வராந்தாவில் தரையில் பலகையைப் போட்டு, கண்ணைக் கட்டினாலும் ஆடுகிற அளவுக்குப் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறோம். மனப்பாடமாகத் தெரிந்த முடிவாட்டத்தில் பிசகாமல் ஆடியது சந்தேகத்துக்குரியது என்றால், பயிற்சி எதற்கு?

என்ஜின் வைத்து ஆடுகிறவரைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் கடிகாரம்தான். எதிராளி காயை வெட்டினால் திருப்பி வெட்டுவதற்கு யாரும் யோசிப்பதில்லை. அதற்கும் எட்டு வினாடி, சிக்கலான நடு ஆட்டத்தில் கண்டுபிடிக்கவே முடியாத ஒரு மூவுக்கும் அதே எட்டு வினாடி என்று சீராகப் போனால் அங்கே நின்று பாருங்கள். இவளுடைய நேரப் பதிவு உங்கள் தளத்திலேயே இருக்கிறது. லீகல் மேட்டில் மூவ்கள் படபடவென்று விழுந்திருக்கும். யானை ஆட்டத்தில், பாலம் போடும் முன் ஒரே இடத்தில் நெடுநேரம் உட்கார்ந்து, பிறகு மளமளவென்று முடித்திருப்பாள். யோசிக்கிற மனிதரின் கடிகாரம் அப்படித்தான் ஓடும். அதை யாராவது திறந்து பார்த்தீர்களா?

கெட்டிக்கார ஏமாற்றுக்காரன் எல்லா மூவையும் என்ஜினிடம் கேட்பதும் இல்லை. ஆட்டத்தின் திருப்பத்தில் ஒன்றிரண்டு போதும். அவனுடைய அக்யூரசி 85-இல் நிற்கும், உங்கள் வலையில் விழவே மாட்டான். அதனால்தான் இந்தத் துறையில் உழைக்கிறவர்கள் ஓர் ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. பஃபலோ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியராகவும் சர்வதேச மாஸ்டராகவும் இருக்கிற கென்னத் ரீகனின் முறையைப் பாருங்கள். இந்த ரேட்டிங்கில் இருப்பவர் இந்த நிலைகளில் என்ஜினோடு எத்தனை முறை ஒத்துப்போவார் என்று முதலில் எதிர்பார்ப்பைக் கணக்கிட்டு, நடந்தது அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்கிறார். மனப்பாட ஓப்பனிங் மூவ்களை அதில் சேர்ப்பதில்லை. 2022-இல் தன்னைத் தோற்கடித்த அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹான்ஸ் நீமன்மேல் கார்ல்சன் ஏமாற்றுச் சந்தேகம் எழுப்பிய விவகாரம் வெடித்தபோது செஸ்.காம் வெளியிட்ட அறிக்கை 72 பக்கம். அதன் முடிவுகளை ஏற்கலாம், மறுக்கலாம். கேள்வி கேட்கவாவது அதில் ஏதோ இருந்தது. எங்கள் பிள்ளைக்குக் கிடைத்தது இரண்டு வரி.

ஒரு சின்னக் கணக்கும் சொல்கிறேன். ஆயிரத்தில் ஒருவரை மட்டுமே தவறாகப் பிடிக்கும் மிக நல்ல சோதனை உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூவாயிரம் நேர்மையான பிள்ளைகள் ஆடினால் மூன்று பேர் அதில் சிக்குவார்கள். அந்த மூவர் யார் என்று எண் சொல்லாது, மனிதர்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதுவும் சிறு பிள்ளைகளின் ரேட்டிங் எப்போதும் அவர்களுடைய பலத்துக்குப் பின்னால்தான் வரும். போட்டிக்குப் போகப் பணமில்லாத கரையோரப் பிள்ளைக்கு இன்னும் பின்னால். ரேட்டிங்கே இல்லாதவள் நன்றாக ஆடினாள் என்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அடுத்தது பேச்சுக்குரல். அவள் வீடு ஓர் அறையும் முன்னால் இறக்கிய ஓலைத் தாழ்வாரமும். ஆட்டத்துக்குப் பள்ளி லேப்டாப், கேமராவுக்கு அப்பாவின் ஃபோன். போட்டி அன்று அவர் ஃபோனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் கடலுக்குப் போனார். ஒரு மீனவர் ஃபோன் இல்லாமல் கடலுக்குப் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். உங்கள் பதிவில் கேட்கும் குரல், வாசலில் நின்ற வியாபாரியிடம் அவள் அம்மா கணவாய் மீனுக்கு விலை பேசியது. தமிழ் தெரிந்த யாராவது ஒருவர் அந்தப் பதிவை ஒலியோடு கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் புரிந்திருக்கும். ‘தனி அறை, மூடிய கதவு, வேறு யாரும் இருக்கக் கூடாது’ என்று விதி எழுதும்போது தனி அறை உள்ள வீடுதான் உங்கள் மனதில் இருக்கிறது. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் வேதாளையிலும் எத்தனை வீடுகளில் அது இருக்கிறது என்று ஒரு முறை வந்து பாருங்கள்.

கேமரா நின்றது நெட் போனதால். வாடைக்காற்று வீசும் மாதங்களில் எங்களுக்கு மின்சாரமும் சிக்னலும் அப்படித்தான். 2020 ஆன்லைன் ஒலிம்பியாட் இறுதிச் சுற்றில் இந்திய அணியின் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்தபோது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு முறையீட்டைக் கேட்டது, விசாரித்தது, இந்தியாவுக்கும் ரஷ்யாவுக்கும் சேர்த்தே தங்கம் கொடுத்தது. எங்களுக்கும் அப்படி ஒரு முறையீட்டுக் குழு வேண்டும்.

பெயரை வெளியில் போட்டதுதான் என்னை இதை எழுத வைத்தது. அன்று இரவே வாட்ஸ்அப் குழுக்களில் அவள் பெயர் சுற்றியது, மறுநாள் வகுப்பில் ‘ஸ்டாக்ஃபிஷ்’ என்று கூப்பிட்டார்கள். இப்போது பலகையின் பக்கமே வருவதில்லை. அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி 2025 அக்டோபரில் 29 வயதில் இறந்தார். அந்த மரணத்துக்கு யார் காரணம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் முன்னாள் உலகச் சாம்பியன் கிராம்னிக் அவர்மேல் தொடர்ந்து பொதுவெளியில் எழுப்பிய சந்தேகம் அவரை எவ்வளவு வாட்டியது என்று அவரே பேசியிருக்கிறார். உலகம் அறிந்த ஒரு கிராண்ட்மாஸ்டருக்கே அப்படி. பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு?

அதனால் கேட்கிறேன். விசாரணை முடியும்வரை பட்டியலில் பெயருக்கு நேரே எதுவும் எழுதாதீர்கள். ‘முடிவு நிறுத்திவைப்பு’ என்பது போதும். ஆட்டங்களையும் நேரப் பதிவையும் கிராண்ட்மாஸ்டர் போன்ற டைட்டில் வாங்கிய ஓர் ஆட்டக்காரர் பார்க்கட்டும். பிறகு பிள்ளையைக் கூப்பிட்டுத் தமிழில் கேளுங்கள்: யானையை ஏன் நான்காம் வரிசைக்கு இறக்கினாய்? ஆடியவள் சொல்லிவிடுவாள், பார்த்து எழுதியவள் விழிப்பாள். அம்மாவோ ஆசிரியரோ பக்கத்தில் இருக்கட்டும். முன்பின் தெரியாத சார் நாலு பேர் திரையில் தெரிந்தால் எந்தப் பிள்ளைக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால் நேரில் உட்கார வைத்து ஆடச் சொல்லுங்கள்.

ஆன்லைன் சுற்றுகளை முதல் கட்டத்தோடு நிறுத்தி, அணியைத் தேர்ந்தெடுக்கும் கடைசிச் சுற்றை நேரடியாக நடத்தினால் பாதிச் சச்சரவு இருக்காது. சென்னைக்கு வரச் சொன்னால் எங்கள் பிள்ளைகளால் முடியாது, ராமநாதபுரம் என்றால் காலைப் பேருந்தில் வந்துவிடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகளுக்குப் போகும் அப்பாக்கள் கரையில் இருப்பார்கள், பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையும் அதற்குள்ளேயே வரும். கூட்டிவர ஆள் உண்டு.

எங்கள் மாணவியின் ஆட்டங்களை மறுபடி பார்க்கச் சொல்லித் தனியாக விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். நேரில் எந்த நாள், யாரோடு ஆடச் சொன்னாலும் அழைத்து வருகிறேன். பதில் அவளுக்கே, தமிழில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர்