பிரேமன் நகரத்துப் பரிசு: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து மறுபடியும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதை அறிந்து பெரிதும் மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். என் முழங்கால் வலியைப் பற்றி எழுதத் தொடங்கினால் கடிதம் அதிலேயே தீர்ந்துவிடும் என்பதால் நீங்கள் கேட்டவற்றுக்கே வந்துவிடுகிறேன். ஜெர்மன் மொழிக் கவிஞர் பால் செலான் பரிசு ஏற்கும்போது ஆற்றிய தம் புகழ்பெற்ற சிற்றுரையை பெர்லினிலோ வியன்னாவிலோ நிகழ்த்தாமல் வட ஜெர்மனியின் பிரேமனில் நிகழ்த்தியது ஏன் என்றும், ஒரு துறைமுக நகரம் தரும் பரிசின் பட்டியலில் இத்தனை பெரிய பெயர்கள் எப்படி வந்து சேர்ந்தன என்றும் கேட்டிருந்தீர்கள். உங்களை ஒரு பரிசின் நடுவராக அழைத்திருப்பதையும், சம்மதிப்பதா வேண்டாமா என்ற தயக்கத்தையும் எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் ஒரே கதைதான் பதில் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிரேமன் வெறும் நகரம் அன்று. பக்கத்துத் துறைமுகமான பிரேமர்ஹாஃபனையும் சேர்த்துக்கொண்டு தனி மாநிலமாக இருப்பது, ஜெர்மனியின் பதினாறு மாநிலங்களிலும் மிகச் சிறியது. அதன் அமைச்சரவையை செனட் என்று அழைக்கிறார்கள். கவிஞராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் கட்டடக் கலைஞராகவும் விளங்கிய, அந்நகரத்தில் பிறந்த ருடால்ஃப் அலெக்சாண்டர் ஷ்ரோடரின் 75ஆம் பிறந்தநாளையொட்டி 1950களின் தொடக்கத்தில் அந்தச் செனட் ஏற்படுத்தியதுதான் இந்தப் பிரேமன் இலக்கியப் பரிசு. முதலில் அதைப் பெற்றவர் வட்டாரப் பேச்சுமொழியில் எழுதிய ஹைன்ரிஷ் ஷ்மிட்-பாரியன். ஓர் ஊர்ப் பரிசு அப்படித் தொடங்குவதுதான் இயல்பு. ஆனால் 1955இல் ஆஸ்திரிய எழுத்தாளர் இல்சே ஐஷிங்கர், 1957இல் ஆஸ்திரியக் கவிஞர் இங்கபோர்க் பாக்மன், 1958இல் செலான் என்று சில ஆண்டுகளிலேயே அதன் பார்வை ஊரெல்லையைத் தாண்டிவிட்டது. பரிசு பெற்றபோது பாக்மனுக்கு வயது முப்பது, செலானுக்கு முப்பத்தேழு. எழுதி முடித்து ஓய்ந்தவர்களை நாற்காலியில் அமர்த்திச் சால்வை போர்த்தும் பரிசாக அது இருக்கவில்லை.

1958 ஜனவரி 26 அன்று, ஷ்ரோடரின் பிறந்தநாளில், செலான் பேசினார். இன்று உக்ரைனில் இருக்கும் செர்னோவிட்ஸில் யூதக் குடும்பத்தில் பிறந்து, பெற்றோரை நாஜிகளின் முகாமில் பறிகொடுத்து, கொன்றவர்களின் மொழியிலேயே கவிதை எழுதிவந்த ஒருவரின் உரை அது. இளம் வயதில் பிரேமன் தமக்குப் புத்தகங்கள் வழியாகவும், அவற்றை எழுதியும் பதிப்பித்தும் வந்தவர்களின் பெயர்கள் வழியாகவும் மட்டுமே அறிமுகமானதென்றும், எட்ட முடியாத ஓர் ஊராகவே அது தம் காதில் ஒலித்ததென்றும் அவர் சொன்னார். எல்லாம் இழந்தபின் இழக்கப்படாமல் எஞ்சியது மொழி ஒன்றே என்றும், அந்த மொழியும் சாவைக் கொண்டுவந்த பேச்சின் ஆயிரம் இருள்களைக் கடந்துதான் வரவேண்டியிருந்தது என்றும் அவர் கூறியதை நீங்கள் மொழிபெயர்ப்பில் படித்திருக்கிறீர்கள். நீங்கள் அறியாதிருக்கக்கூடியது ஒன்று உண்டு: இரண்டே ஆண்டுகளுக்கு முன் இதே பரிசு எர்ன்ஸ்ட் யுங்கருக்கு, முதல் உலகப் போரைக் கிளர்ச்சியோடு எழுதிப் புகழ்பெற்ற அந்தப் படை அதிகாரிக்கு, வழங்கப்பட்டிருந்தது. ஒரே பட்டியலில் யுங்கரும் செலானும் இவ்வளவு நெருக்கமாக நிற்பதைப் பார்க்கும்போது, போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனி எதை நினைவில் வைப்பது என்று முடிவெடுக்காமல் தவித்ததை அந்தப் பட்டியலே காட்டிக்கொடுக்கிறது என்று நான் எண்ணுகிறேன்.

அடுத்து நடந்ததுதான் உங்களுக்கு முக்கியமானது. 1959இன் இறுதியில் நடுவர் குழு, சில மாதங்களுக்கு முன்பு வெளிவந்திருந்த 'தகர முரசு' நாவலுக்காக ஜெர்மன் எழுத்தாளர் குந்தர் கிராஸைத் தேர்ந்தெடுத்தது. விதிப்படி முடிவைச் செனட் உறுதிசெய்ய வேண்டியிருந்தது, செனட் மறுத்துவிட்டது. நாவலின் சில பகுதிகள் ஒழுக்கக் கேடானவை, இளைஞர் கையில் கொடுக்கத் தகாதவை என்பது அவர்கள் சொன்ன காரணம். மறுத்தவர்கள் பழமைவாதிகள் அல்லர், சமூக ஜனநாயகக் கட்சியின் தலைமையில் இருந்த அரசு. பின்னாளில் கிராஸ் ஊர் ஊராகப் போய் வாக்குக் கேட்டதும் அதே கட்சிக்குத்தான். 1960இல் பரிசு யாருக்கும் வழங்கப்படவில்லை. எழுந்த அவமானம் சிறிதன்று. அதன் விளைவாகப் பரிசு செனட்டின் நேரடிக் கையிலிருந்து எடுக்கப்பட்டு, ஷ்ரோடரின் பெயரால் அமைந்த ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. பணம் அரசிடமிருந்து வரலாம், முடிவு அரசினுடையதாக இருக்கக் கூடாது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உள்ளடக்கம். கிராஸுக்கு 1999இல் நோபெல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே அவர் பெயரில் பிரேமனில் ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. நகரங்களுக்கு நாற்பதாண்டு கழித்தாவது வெட்கம் வருகிறது!

அதற்குப் பின் வந்த பட்டியல் தைரியமானது. 1964இல் கிழக்கு பெர்லின் கவிஞர் கிறிஸ்தா ரைனிக் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய எழுத்து தம் நாட்டிலேயே நெடுங்காலமாக அச்சேற முடியாமல் இருந்தது. பரிசைப் பெற்றுக்கொள்ள அனுமதி பெற்று பிரேமனுக்கு வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. மறு ஆண்டு, முதல் நாவலான 'உறைபனி'க்காக ஆஸ்திரிய எழுத்தாளர் தாமஸ் பெர்ன்ஹார்ட். பிரேமனின் நாட்டுப்புறக் கதைக் கழுதையையும் சேவலையும் தம்மால் நம்பிக்கொண்டிருக்க முடியாது என்ற பொருளில் ஏற்புரையைத் தொடங்கி, தெளிவு கூடக்கூடக் குளிரும் கூடுகிறது என்று சொல்லிவிட்டு, பரிசுப் பணத்தை முன்பணமாகக் கொடுத்து ஆஸ்திரியாவில் ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கினார். பரிசு பெற்றவர் அடுத்த முறை நடுவராக அமர்வது அப்போது அங்கே வழக்கமாக இருந்தது. எழுத்தாளர் எலியாஸ் கனெட்டிக்குத் தர வேண்டும் என்று தாம் வாதாடியபோது அவர் யூதர் என்பதே தடையாகப் பேசப்பட்டதென்றும், கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்ட எழுத்தாளர் ஹில்டெஸ்ஹைமரும் யூதர்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்றும் பெர்ன்ஹார்ட் பிற்காலத்தில் எழுதினார். மிகைப்படுத்துவதில் அவர் மன்னர். ஆனாலும் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு நடுவர் குழுவில் சேர்வது நல்லது.

1977 முதல் இளம் எழுத்தாளருக்கென ஓர் ஊக்கப் பரிசையும் சேர்த்து வழங்குகிறார்கள். எனக்கு முதன்மைப் பரிசைவிட இதன் மேல் மதிப்பு அதிகம். 1985இல் இது ஜெர்மன் மொழி எழுத்தாளர் ஹெர்த்தா முல்லருக்கு, அவர் ருமேனியாவில் வாழ்ந்துகொண்டிருந்தபோதே கிடைத்தது. நோபெல் வருவதற்கு இன்னும் 24 ஆண்டுகள் இருந்தன. முதன்மைப் பரிசோ சில வேளைகளில் தாமதமாகவே வந்திருக்கிறது. 'ஆஸ்டர்லிட்ஸ்' நாவலுக்காக 2002ஆம் ஆண்டுப் பரிசு ஜெர்மன் எழுத்தாளர் செபால்டுக்கு வழங்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. 2001 டிசம்பரில் கார் விபத்தில் இறந்துவிட்டார். ஆஸ்திரிய எழுத்தாளர்களான ஹண்ட்கே, யெலினெக் போன்றோருக்கு வழங்கியவை ஏற்கெனவே உறுதியான புகழுக்கு வைத்த முத்திரைகள் என்றே கருதுகிறேன். அவற்றில் குறை காண மாட்டேன்; பெருமிதப்படவும் மாட்டேன்.

ஆகவே, உங்களை அழைத்தவர்களிடம் பரிசுத் தொகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் விதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நடுவர்கள் முடிவெடுத்தபின் அதில் மாற்றம் செய்யவோ நிறுத்திவைக்கவோ வேறு எவருக்கேனும் அதிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த வரியை நீக்கினால் மட்டுமே வருவேன் என்று எழுதிவிடுங்கள். நீக்கிவிட்டார்களென்றால் தயங்காமல் சேருங்கள். முதல் நூல் எழுதியவர்களுக்காக வாதாட உங்களைவிடப் பொருத்தமானவர் அங்கு இருக்கமாட்டார். அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதை மறக்காமல் எழுதுங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்