பெட்டி திரும்பிப் போகும் நாள்

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டதிலிருந்து தோட்டத்தில் ஒரே வேலை. இன்று காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது, அதனால்தான் உட்கார முடிந்தது. மஞ்சள் நன்றாக வந்திருக்கிறது. அம்மிணி இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். "துபாய் மாமா எழுதினாரா?" என்று தினமும் கேட்கிறாள்.

ஆடி நோம்பிக்கு வந்தபோது எங்கள் திண்ணையில் உட்கார்ந்து நீ போனில் படம் பார்க்கும் ஆப்பைத் தட்டித் தட்டிச் சலித்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. துபாயில் பாதி பார்த்து வைத்த படம் இங்கே தேடினால் இல்லை. "மாதாமாதம் காசு கட்டுகிறேனே, எங்கே போச்சு?" என்றாய். அன்றைக்கு விருந்தாளிகள் நடுவில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். கடிதத்தின் கடைசியில் உன் பையன் எடுத்த சினிமாவைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறாயே, அதற்கும் இது வேண்டும்.

அந்த ஆப்பில் இருக்கும் படங்களில் பல அந்தக் கம்பெனிக்குச் சொந்தமானவை இல்லை. தென்னந்தோப்பைக் காய்க் குத்தகைக்கு விடுகிறோமே, அதே கதைதான். மரம் நம்முடையது, பேசிய வருடங்களுக்குக் காய் அவருடையது. படத்துக்கும் இரண்டு வருடம், மூன்று வருடம், ஐந்து வருடம் என்று பேசி எடுக்கிறார்கள். வருடம் முடிந்து புதுப்பிக்கவில்லை என்றால் படம் போய்விடும். அந்தக் குத்தகையையும் நாடு நாடாகப் பிரித்துத்தான் கொடுப்பார்கள். வளைகுடா உரிமை ஒருவருக்கு, இந்திய உரிமை வேறொருவருக்கு. நீ விமானம் ஏறி இறங்கியதும் ஏரியா மாறிவிட்டது.

ஏரியா என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோவையில் விநியோகக் கம்பெனியில் பதினெட்டு வருடம் ரெப்பாக, அதாவது தியேட்டர் தியேட்டராகப் போய் வசூலைக் கண்காணிக்கும் ஆளாக, அலைந்தவன். ஈரோட்டில் ஓடும் படம் எங்கள் கோவை ஏரியா. காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பள்ளிபாளையம் போனால் சேலம் ஏரியா, உரிமை வேறு ஆளிடம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஹவுஸ்ஃபுல் ஆனாலும் அந்தப் பக்கத்துக் காசில் எங்களுக்கு ஒரு பைசா கிடையாது. பேசிய வாரம் முடிந்ததும் படச் சுருள் பெட்டியைக் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். இப்போது தியேட்டர்களில் பெட்டி கிடையாது. கே.டி.எம். என்று ஒரு டிஜிட்டல் சாவி வருகிறது. குறித்த தேதி வரைதான் அது படத்தைத் திறக்கும். பெட்டி போய்ச் சாவி வந்தாலும் திரும்பிப் போகும் நாள் அப்படியே இருக்கிறது.

1905-ல் நம் கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரையும் படச் சுருள்களையும் விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் காட்டினார். அந்தச் சுருள் அவருக்கே சொந்தம், தேய்கிற வரை ஓட்டலாம். பிறகுதான் படம் வாடகைச் சரக்கானது. அன்று அவர் கையில் இருந்த அந்தச் சொந்தம் இந்த ஆப்பில் நமக்கு இல்லை.

விலை விஷயம் சுருக்கமாக. தென்னைக்கு உழவு, உரம், கூலி என்று கணக்குப் போட்டு விலை வைக்கலாம். இங்கே ஒரு படத்துக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால், நூறு பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் பெரும்பாலும் அதே தொகைதான். அதனால் ஒவ்வொரு ஊர்க்காரனும் எவ்வளவு தாங்குவான் என்று பார்த்தே கட்டணம் வைக்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்தியாவில் 649 ரூபாய்த் திட்டத்தை 499 ஆகவும், செல்போனில் மட்டும் பார்க்கும் 199 ரூபாய்த் திட்டத்தை 149 ஆகவும் குறைத்தது. அதே மாதம் அமேசான் பிரைம் வருடச் சந்தாவை 999-லிருந்து 1,499 ஆக்கியது. 2016-ல் அறிமுகமானபோது அது 499 ரூபாய். முதலில் ஆள் சேர்க்க மலிவு, சேர்ந்த பிறகு ஏற்றம். அதற்கப்புறம் 2025 ஜூனில் பிரைம் வீடியோவில் விளம்பரம் வந்தது, விளம்பரம் வேண்டாம் என்றால் தனிக் காசு. கிரிக்கெட் இன்னொரு பக்கம். ஐ.பி.எல். 2023 முதல் 2027 வரைக்கும் டிஜிட்டல் உரிமை மட்டும் 23,758 கோடிக்குப் போனது. அதை யாரிடமாவது வசூலித்துத்தானே ஆக வேண்டும்?

சரி, இதையெல்லாம் விட எனக்கு முக்கியமானது உன் பையன் விஷயம். நம் ஊரிலும் கொடிவேரியிலும் சுற்றிச் சுற்றி எடுத்த படத்தை ஒரு கம்பெனி கேட்கிறது, "எல்லா உரிமையும்" என்று ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள், பையன் சந்தோஷத்தில் இருக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஏன் என்று உனக்குச் சொன்னதே இல்லை.

எங்கள் முதலாளி கையில் ஒரு படத்தின் நெகட்டிவ் உரிமை, அதாவது முழு உரிமை இருந்தது. தன் வீட்டை அடமானம் வைத்து வாங்கியது. தொண்ணூறுகளில் டிவி உரிமை கேட்டு ஒரு பார்ட்டி வந்தார். படம் தியேட்டரில் ஓய்ந்து பல வருடமாகியிருந்தது, கிடைப்பது லாபம் என்று முதலாளி தலையாட்டிவிட்டார். அந்த ஒப்பந்தத்தை ஆபீஸில் உட்கார்ந்து நான்தான் டைப் அடித்தேன். "உலகம் முழுவதும், இன்றுள்ள, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும், 99 வருடங்களுக்கு" என்று அவர்கள் கொடுத்த வாசகத்தை அப்படியே அடித்தேன். "இனி வரப்போகும்" என்றால் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. போன வருடம் அவர் வீட்டம்மாவைப் பார்க்கப் போனேன். பேரன் வைத்த டிவியில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. "இதுக்கு நமக்கு ஏதாச்சும் வருமா கண்ணு?" என்று கேட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை.

அதனால் பையனிடம் சொல், கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும். சட்டம் அவன் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவைப் பார்க்கச் சொல். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருடம் என்று குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம் என்றே கொள்ள வேண்டும். எந்த எல்லைக்குள் என்று சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அது தானாகவே முடிந்துவிடும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. இந்தத் "தவிர"தான் ஆபத்து. காகிதத்தில் 99 என்று அவனே எழுதிக்கொடுத்துவிட்டால் அந்த ஐந்து வருடக் கணக்கு அவனைக் காப்பாற்றாது. 2012 திருத்தத்தில், ஒப்பந்தம் போடும் நாளில் இல்லாத புது ஊடகத்துக்கு அந்த ஒப்பந்தம் பொருந்தாது, பெயர் சொல்லி எழுதியிருந்தால் மட்டுமே பொருந்தும் என்று சேர்த்தார்கள். இது எங்கள் முதலாளி காலத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனை முறை நினைத்திருப்பேன்.

"எல்லா உரிமையும்" என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை இருக்கிறது பார். ஓடிடி என்கிற ஆப், சாட்டிலைட் என்கிற டிவி, வெளிநாடு, டப்பிங், ரீமேக், பாட்டு. ஒவ்வொன்றும் தனித்தனியாக விற்கக்கூடியது. ஓடிடி மட்டும் மூன்று வருடத்துக்குக் கேட்கிறார்கள் என்றால் தாராளமாகக் கொடுக்கட்டும். ரீமேக்கும் டப்பிங்கும் கையை விட்டுப் போகக் கூடாது. நாளைக்கு மலையாளத்தில் ஒருவர் வந்து கேட்டால் அன்றைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

காசு எப்படித் தருவார்கள் என்றும் பார்க்க வேண்டும். பெரிய படங்களுக்கு மொத்தத் தொகை. சின்னப் படங்களுக்குப் பல நேரம் பார்த்த நேரத்துக்கு ஏற்பப் பங்கு என்பார்கள். நான் ரெப்பாக இருந்தபோது டிக்கெட் கவுண்டருக்குள் போய் உட்கார்ந்து, டிக்கெட் புத்தகத்தின் நம்பரைக் குறித்து, காட்சி முடிந்ததும் அன்றைய வசூல் கணக்குத் தாளான டி.சி.ஆரில் தியேட்டர்காரர் கையெழுத்து வாங்கித்தான் வெளியே வருவேன். சத்தியில் ஒருமுறை கடைசி ஆட்டம் முடிந்து பஸ் இல்லாமல் கவுண்டர் பெஞ்சிலேயே படுத்திருந்தேன், கணக்கை விட்டு வர மனமில்லாமல். இப்போது அந்தக் கவுண்டருக்குள் உட்கார யாருமே இல்லை. அவர்கள் சொல்லும் நிமிடம்தான் நிமிடம். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வரும், கழிவு எவ்வளவு, நடுவில் நிற்கும் கம்பெனிக்குப் போக அவனுக்கு எவ்வளவு, கணக்கைச் சரிபார்க்க உரிமை உண்டா, இதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. டீக்கடை சீனில் ரேடியோவில் ஒரு பழைய பாட்டு ஓடுகிறது என்று அன்றைக்குப் பெருமையாகச் சொன்னான். அந்தப் பாட்டுக்கு அனுமதி வாங்கினானா? வாங்கவில்லை என்றால் கம்பெனிக்காரர் பொறுப்பை அவன் தலையில் கட்டிவிடுவார். "பிறர் உரிமை எதுவும் மீறப்படவில்லை" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும், அதில் அவன்தான் கையெழுத்துப் போடுவான். கதை எழுதிய நண்பன், இசை போட்ட பையன், நடித்தவர்கள் எல்லாரிடமும் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். சிநேகிதம் இருக்கும்போதே எழுதிக்கொள்வது நல்லது.

அந்த ஒப்பந்தத்தை முழுசாக எனக்கு அனுப்பி வை, வாட்ஸ்அப்பில் போட்டோவாக எடுத்து அனுப்பினாலும் போதும். பின் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதையும் விடாமல் எடுக்கச் சொல். கோவையில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் சினிமா ஒப்பந்தங்களைப் பார்க்கிறார். வியாழக்கிழமை மஞ்சளுக்கு மருந்து வாங்க அங்கே போகிறேன், கையோடு கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருகிறேன். அதுவரை பையன் பேனாவைத் தொடக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்.

தங்கச்சியையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்