வரிச்சுவர் வேண்டாம்

ஆசிரியருக்கு,

இறக்குமதி வரியைக் கூட்டினால் உள்நாட்டுத் தொழில் பிழைத்துவிடும் என்ற பேச்சு உலகெங்கும் மறுபடி பலமாகக் கேட்கிறது. 1930-ல் அமெரிக்கா இதைத்தான் செய்தது. இறக்குமதி வரியை உயர்த்தும் ஸ்மூட்-ஹாலி சட்டத்தில் கையெழுத்திட வேண்டாம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் அதிபர் ஹூவரைக் கேட்டுக்கொண்டார்கள், அவர் கேட்கவில்லை. கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் பதிலுக்கு வரி போட்டன. ஏற்கெனவே படுத்திருந்த உலக வணிகம் இன்னும் சுருங்கியது. வேலையின்மை குறையவில்லை, கூடியது.

இந்த வரியை வெளிநாட்டுக்காரர் கட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். கட்டுவது இறக்குமதி செய்பவர். அப்புறம் அது விலையில் ஏறி வாங்குபவர் தலையில் விழுகிறது. எஃகுக்கு வரி போட்டால் எஃகு ஆலைக்கு நல்லது, சரி. அந்த எஃகை வாங்கி இயந்திரம் செய்யும் பட்டறைகளின் கதி என்ன? அங்கே வேலை செய்பவர்கள்தான் அதிகம்.

திறந்த வணிகத்தில் சில தொழில்கள் நசிவது உண்மை. அதை மறைக்கக் கூடாது. வேலை இழந்தவருக்கு அரசு உதவித்தொகையும் புதுத் தொழிலில் பயிற்சியும் கொடுக்கட்டும். அதற்காக எல்லோருக்கும் விலையை ஏற்ற வேண்டாம். 1947-ல் 23 நாடுகள் காட் (GATT) என்ற வணிக ஒப்பந்தம் போட்டு வரிகளைக் குறைக்கத் தொடங்கியது, முப்பதுகளில் பட்ட அடியை மறக்காததால்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்