வாய்ப்புண்ணுக்கு வருபவரிடம் உறக்கத்தையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதக்கணக்கில் ஆறாத வாய்ப்புண், கன்னத்தின் உட்புறத்தில் வலைப்பின்னலாகப் படரும் வெண்கோடுகள், மரச்சீனிக்கிழங்கோடு மீன்குழம்பைத் தொட்டாலே தாங்க முடியாத எரிச்சல், பல் துலக்கும்போது இரத்தம் கசியும் ஈறு என்று வருபவர்களுக்கு நம் குமரி மாவட்டத்தில் பெரும்பாலும் கிடைப்பவை பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் 'உடல் சூடு' என்ற விளக்கமும்தான். இரவில் உறக்கம் வருகிறதா, மனதை எது வாட்டுகிறது என்று கேட்பவர்கள் அரிது.

வெண்கோடுகளோடு வரும் லைக்கன் பிளானஸ் என்ற அழற்சி நோய் நடுவயதுப் பெண்களிடம் அதிகம் காணப்படுவது. உடலைக் காக்க வேண்டிய டி அணுக்களே வாயின் உட்படலத்தைத் தாக்குவதால் அழற்சி நீடிக்கிறது. இந்நோயாளிகளிடம் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மன அழுத்தம் நீடித்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரப்பின் ஒழுங்கு குலைந்து, அழற்சியை அடக்கும் ஆற்றல் குறைகிறது. உறக்கம் கெட்டு, புகையிலை கூடி, பல் துலக்குவதும் தவறிப்போகும்போது ஈறுநோயும் முற்றுகிறது. மன அழுத்தம் மட்டுமே நோயை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை. ஆனால் ஒரு வாய்ச் சோற்றை நிம்மதியாக உண்ண முடியாத துன்பமே புதிய அழுத்தமாகி, ஒன்றை மற்றொன்று வளர்க்கிறது.

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களில் ஆண்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வீசியதற்குப் பிறகு, ஒவ்வொரு புயல் எச்சரிக்கையும் அங்குள்ள பெண்களுக்கு எத்தகைய நாள்களைத் தருகிறது என்பதை அருகிலிருந்து அறிந்தவள் நான். அந்த நாள்களில் வாய் எரிச்சல் மிகுவதாக அவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்காக, 'எல்லாம் மனக்கவலைதான்' என்று அனுப்பிவிடுவது இன்னும் ஆபத்தானது. லைக்கன் பிளானஸை உலக சுகாதார நிறுவனம் புற்றாக மாறும் வாய்ப்புள்ள நோய்களுள் சேர்த்துள்ளது. மாறுபவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே என்றாலும், திசுப் பரிசோதனையும் தொடர் கண்காணிப்பும் அவசியம். 2 வாரங்களில் ஆறாத எந்தப் புண்ணையும் பல் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். களிம்பு மருந்தும் மனநல ஆலோசனையும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல.

எனவே, 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகச் சென்று சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்கும் ஊழியர்கள் வாயின் உட்புறத்தைப் பார்க்கவும் உறக்கத்தைப் பற்றிக் கேட்கவும் பயிற்சி அளிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவிலிருந்து மாவட்ட மனநலத் திட்ட மருத்துவருக்கு நோயாளியைப் பரிந்துரைக்கும் நடைமுறை எழுத்தில் வர வேண்டும். கட்டணமில்லா மனநல உதவி எண் 14416, பல் பிரிவின் காத்திருப்புக் கூடத்திலும் தமிழில் எழுதப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
நித்திரவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.