டபுளர் வளையத்தில் தவறான துளை வரிசை: மாற்றி அனுப்பியதிலும் அதே தவறு

அனுப்புநர்
உங்கள் வாடிக்கையாளர்,
தேன்கனிக்கோட்டை சாலை, ஓசூர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
விமானக் கிட் பாகங்கள் விற்பனை நிறுவனம்.

பொருள்: வால்பகுதி ஆய்வு மூடி செட்டின் டபுளர் வளையம் தொடர்பான புகார்.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த ஜனவரியில் உங்களிடம் ஆய்வு மூடி செட் ஒன்று வாங்கினேன். மூடித் தகடு, திறப்பின் ஓரத்துக்குப் பலம் சேர்க்க உள்ளே வைத்து ரிவெட் அடிக்கும் டபுளர் வளையம், திருகு ஏறும்படி தகட்டில் பொருத்தும் நட்பிளேட்டுகள், திருகுகள், வெட்டும் இடத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு காகித டெம்ப்ளேட், செய்முறைத் தாள் எல்லாம் சேர்த்து 14,800 ரூபாய். பில் நகல் இணைத்திருக்கிறேன்.

முதலில் இந்த மூடி எனக்கு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் அலுவலகத்தில் பேசியவர் இதை ஏதோ அழகுக்கு வைக்கும் சாமான் போல நினைத்துப் பேசினார். நான் வீட்டுக் கொட்டகையில் கட்டிவரும் இரண்டு இருக்கை விமானத்தில், வாலில் மேலும் கீழும் அசையும் எலிவேட்டர் தகட்டை இயக்கும் பெல்கிராங்க் என்ற நெம்புகோல், வால்கூம்பின் உள்ளே இருக்கிறது. அதன் போல்ட்டில், நட்டு கழலாமல் தடுக்கும் கோட்டர் பின் சரியாக மடங்கியிருக்கிறதா, பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று ஒவ்வொரு வருட ஆய்விலும் பார்த்தாக வேண்டும். விமானக் கிட்டில் (பாகங்களாக வாங்கி நாமே கட்டும் தொகுப்பில்) உள்ளபடி கட்டினால், இருக்கைக்குப் பின்னால் படுத்து ஊர்ந்துதான் அங்கே போக முடியும். எனக்கு 61 வயது. கஷ்டப்பட்டுப் போக வேண்டிய இடத்தை மனிதன் ஒருநாள் பார்க்காமல் விட்டுவிடுவான். விமானத்தின் மூக்கு மேலே போவதும் கீழே போவதும் அந்த ஒரு போல்ட்டை நம்பி இருக்கிறது. அதனால்தான் வால்கூம்பின் வெளித்தகட்டில், அதாவது ஸ்கின்னில், அடிப்பக்கம் ஒரு திறப்பு வைக்க முடிவு செய்தேன்.

மார்ச் முதல் வாரத்தில் உங்கள் டெம்ப்ளேட்டை ஒட்டி, அதில் உள்ளபடியே திறப்பை வெட்டினேன். மூலைகளை வளைவாக அரம் போட்டு, எமரித் தாளால் கீறல் இல்லாமல் வழவழப்பாக்கினேன். டெம்ப்ளேட்டில் குறித்த இடங்களில் ரிவெட் துளைகளும் போட்டேன். அப்புறம் வளையத்தைச் சாய்த்து உள்ளே நுழைத்து, ரிவெட் அடிக்கும்வரை தகடுகளைத் துளை வழியே பிடித்துவைக்கும் கிளீக்கோ பின்களை மாட்டினேன். மூன்று பக்கமும் கச்சிதமாக இறங்கியது. நான்காவது பக்கத்தில் ஏழு துளையில் ஒன்றுகூட இறங்கவில்லை.

வெளியே எடுத்து வெர்னியரில் அளந்தேன். உங்கள் வரைபடத்தில் துளை மையத்துக்கும் வளையத்தின் வெளி ஓரத்துக்கும் இடைவெளி 5/16 அங்குலம், அதாவது 7.9 மில்லிமீட்டர். டெம்ப்ளேட்டிலும் அதே அளவுதான். வந்த வளையத்தின் அந்த ஒரு பக்கத்தில் மட்டும் 4.8 மில்லிமீட்டர் இருக்கிறது. அது 3/16 அங்குலம். யாரோ 5-ஐ 3 என்று படித்து மெஷினில் ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் 26 வருடம் இருந்தவன். இப்படித் தவறு நடக்கும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பட்டறையிலும் நடந்திருக்கிறது.

இதைச் சொல்லி ஃபோன் செய்தபோது, புதிய வளையம் அனுப்புகிறோம் என்றார்கள். ஐந்து வாரம் கழித்து வந்தது. அதிலும் அதே பக்கம், அதே 4.8.

மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை பேசியவர், "ஸ்கின்ல இருக்கிற துளை வழியா வளையத்துல புதுசா ட்ரில் பண்ணிக்கோங்க சார், அது ஸ்ட்ரக்சர் இல்ல, மூடிதானே" என்றார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இந்த யோசனையை அவர் வேறு யாரிடமும் சொல்லக்கூடாது.

பழைய துளைக்கும் புதிய துளைக்கும் மையத்திலிருந்து மையம் 3.1 மில்லிமீட்டர்தான். போட வேண்டிய ரிவெட்டே 3.2 மில்லிமீட்டர். இரண்டு துளையும் ஒன்றை ஒன்று தொட்டு எட்டு மாதிரி ஆகிவிடும். அதில் அடிக்கும் ரிவெட் எதைப் பிடிக்கும்? சரி, வளையத்தில் இருக்கிற துளைக்கே ஸ்கின்னில் புதிதாகத் துளை போடலாம் என்றால், அங்கேயும் எட்டுதான். அதோடு வளையத்தின் ஓரமும் போதாது. ரிவெட் விட்டத்தைப் போல குறைந்தது இரண்டு மடங்கு ஓரம் வேண்டும். தலை தகட்டோடு மட்டமாக உட்காரும் ரிவெட்டுக்கு இரண்டரை மடங்கு விடுவது வழக்கம். இரண்டு மடங்கு என்றால் 6.4, இரண்டரை என்றால் 8. நீங்கள் தந்திருப்பது ஒன்றரை.

அது ஸ்ட்ரக்சர் இல்லை என்பதும் தவறு. மூடி பாரம் தாங்காமல் இருக்கலாம். ஆனால் வால்கூம்பின் ஸ்கின் பாரம் தாங்குகிறது. அதில் ஒரு திறப்பு வெட்டினால், அங்கே போன பலத்தைத் திருப்பித் தருவது டபுளர் வளையம்தான். 1954 ஜனவரியில் எல்பா தீவுக்கு அருகே கடலில் விழுந்த காமெட் விமானத்தில், கூரையிலிருந்த ஆண்டெனா திறப்பின் மூலைப் பக்கம்தான் விரிசல் தொடங்கியது என்று விசாரணையில் தெரியவந்தது. காமெட் காற்றழுத்தம் ஏற்றிய பெரிய விமானம், என்னுடையது அப்படி இல்லை. ஆனாலும் எஞ்சின் அதிர்வும் காற்றின் ஆட்டமும் என் தகட்டுக்கும் உண்டு, விரிசல் துளையிலிருந்தும் ஓரத்திலிருந்தும் கிளம்புவது இரண்டுக்கும் ஒன்றுதான்.

வளையம் ஒன்றை நானே செய்துகொள்ள முடியும். 2024-டி3 என்ற விமான அலுமினியத் தகடு கொஞ்சம் கையில் இருக்கிறது. எனக்காக மட்டும் என்றால் அதைச் செய்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் இரண்டாவது வளையமும் அப்படியே வந்ததால், இது ஒரு துண்டில் நேர்ந்த பிழை இல்லை என்று தெரிகிறது. அந்த லாட்டில் இருக்கிற எல்லாமே இப்படித்தான் இருக்கும். வாங்கியவர்களில் வெர்னியர் வைத்திருப்பவர் எத்தனை பேர்? ஃபோனில் சொன்னதை நம்பி எட்டு வடிவத் துளையில் ரிவெட் அடித்து, மேலே பெயின்ட்டும் பூசிவிட்டால் அதற்குப் பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. இது நினைவுக்கு வந்து சில ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே இந்த வளையத்தை வாங்கிய ஒவ்வொருவருக்கும் நீங்கள் எழுத்தில் தகவல் அனுப்ப வேண்டும், அனுப்பிய கடிதத்தின் நகல் எனக்கு வேண்டும். கையிருப்பில் உள்ளதை விற்பனையிலிருந்து எடுக்க வேண்டும். செய்முறைத் தாளில், ஸ்கின்னை வெட்டுவதற்கு முன்பே வளையத்தை டெம்ப்ளேட் மேல் வைத்துத் துளைகளைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள். அந்த வரி இருந்திருந்தால் என் விமானத்தின் அடியில் இன்று திறந்த ஓட்டை இருந்திருக்காது. எனக்கு அளந்து சரிபார்த்த வளையம் ஒன்று, அளவு எழுதிய தாளோடு வர வேண்டும். பணம் திருப்பித் தர வேண்டாம்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். இரண்டு வளையங்களையும் அளவு குறித்த சீட்டு ஒட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் பொறியாளர் நேரில் வந்து பார்க்க விரும்பினால் கொட்டகை எப்போதும் திறந்திருக்கும், விமானத்தையும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஓசூர்.

இணைப்பு: பில் நகல், இரண்டு வளையங்களின் புகைப்படங்கள், வெர்னியர் அளவுகள்.