பதினைந்து ரூபிள்

அன்புள்ள இளங்கோவுக்கு அப்பா எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்போலவே இருக்கிறது. வடக்குத் தெரு வீட்டு விஷயம் நீ அறிந்தவாறே நிற்கிறது. சித்தப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நீ வேளைக்குச் சாப்பிட வேண்டும். தொலைபேசியில் பேச எனக்கு வராது என்பதால்தான் எழுதுகிறேன்.

நம் இருவர் பெயரிலும் உள்ள கணக்குப் புத்தகத்தைச் சென்ற வாரம் பதிந்து வாங்கினேன். தை மாதக் கடைசியிலிருந்து ஆடி வரை நான் செலுத்திய தொகைகள் வரவில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. பற்றுப் பத்தியில் ஒரு வரிகூட இல்லை. இயந்திரத்தில் மை மங்கியிருக்கும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது நீ மேசைமேல் விட்டுச் சென்ற ‘குற்றமும் தண்டனையும்’ நாவலைப் படித்து முடித்துவிட்டேன். ரஷ்யாக்காரன் என்றைக்கோ எழுதியதை ஆராய்ந்து யாருக்கு என்ன லாபம் என்று நான் கேட்டதை நீ மறந்திருக்க மாட்டாய். முப்பத்திரண்டு ஆண்டுகள் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு முதல் அத்தியாயமே போதுமானதாக இருந்தது. நாயகன் ரஸ்கோல்னிகவ் தன் தந்தையின் வெள்ளிக் கடிகாரத்தை அடகுக்காரக் கிழவியிடம் நீட்டுகிறான். அவள் ஒன்றரை ரூபிளுக்கு மேல் தர மறுக்கிறாள். நூறு கோபெக் கொண்ட ரூபிளுக்கு மாதம் பத்து கோபெக், அதாவது நம் ஊர்ப் பேச்சில் பத்து வட்டி. ஒன்றரை ரூபிளுக்குரிய பதினைந்து கோபெக்கையும், முன்பே வைத்திருந்த மோதிரத்தின் இரண்டு ரூபிளுக்குரிய இருபது கோபெக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு ரூபிள் பதினைந்து கோபெக்கை அவன் கையில் வைக்கிறாள். பென்சிலால் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாக இருக்கிறது. அந்த மோதிரம் அவனுடைய தங்கை பிரியும்போது கொடுத்தது என்பது பின்னால்தான் தெரிகிறது.

நீ ‘சமூகப் பின்புலம்’ என்று அடிக்கடி சொல்வதைப் படிப்பாளிப் பேச்சு என்றே எண்ணியிருந்தேன். உன் குறிப்பேட்டையும் புரட்டினேன். கோபித்துக்கொள்ளாதே, அதுவும் மேசையில்தான் கிடந்தது. 1861இல் பண்ணையடிமைகளை விடுவித்த அரசு, அவர்கள் பாடுபட்ட நிலத்துக்கான தொகையில் பெரும்பகுதியை நிலக்கிழார்களுக்குத் தான் கொடுத்துவிட்டு, அதைக் குடியானவர்களிடம் ஆண்டுக்கு 6 சதவீதமாக 49 ஆண்டுகள் வசூலிக்கத் திட்டமிட்டதையும், அந்த மீட்புத் தொகை 1907இல்தான் ஒழிந்ததையும் நீ எழுதி வைத்திருக்கிறாய். ‘மீட்பு’ என்ற சொல்லை நான் எத்தனை ஆயிரம் ரசீதுகளில் எழுதியிருப்பேன். ஒரு மனிதனின் விடுதலையோடு அது ஒட்டிக்கொண்டு வருவதை இப்போதுதான் பார்க்கிறேன். அதே 1861இல் ஏழை மாணவர்களின் கட்டண விலக்கில் அரசு கைவைத்ததும், மாணவர்கள் கிளர்ந்தெழ, பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 1863 வரை மூடிக் கிடந்ததும் அடுத்த பக்கத்தில் இருந்தன. 1866இல் இதழொன்றில் தொடராக வந்த இந்த நாவலின் நாயகன், பணமில்லாமல் சட்டப் படிப்பை நிறுத்தியவன், அந்த ஆண்டுகள் பெற்ற பிள்ளை என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாய். நல்ல வரி. இதை எனக்கு வாயால் ஒருமுறை சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருக்க மாட்டேன் என்பதும் உண்மைதான்.

உன் கட்டுரை வந்த இதழைப் பையிலேயே வைத்துக்கொண்டு தபால் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் காட்டி வந்தேன். நாவலின் முடிவுரையில் ரஸ்கோல்னிகவின் தாயும் மகனுடைய கட்டுரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் பெருமை பேசுகிறாள். மகன் எங்கே இருக்கிறான் என்று மட்டும் அநேகமாக ஒருவரிடமும் கேட்பதில்லை. அந்தப் பக்கத்துக்குப் பிறகு இதழை அலமாரியில் வைத்துவிட்டேன்.

படிப்பை இடையில் நிறுத்துவது குற்றமாகாது. பொதுவாகத்தான் சொல்கிறேன். அவனுடைய அறையைப் பார்த்த தாய், சவப்பெட்டி போல் இருக்கிறதே, இதனால்தான் நீ இப்படிச் சோர்ந்துபோனாய் என்கிறாள். உன் அறைக்கு ஜன்னல் உண்டா? வேளைக்குச் சாப்பிடு.

அந்தத் தாயின் நீண்ட கடிதத்தை மட்டும் மூன்று முறை படித்தேன். ஆண்டுக்கு 120 ரூபிள் ஓய்வூதியம். அதை ஈடாகக் காட்டி ஒரு வணிகனிடம் கடன் வாங்கித்தான் மகனுக்குப் பதினைந்து ரூபிள் அனுப்பியிருந்தாள். அதற்கு முந்தைய ஆண்டு அனுப்பிய 60 ரூபிள் மகள் துனியாவின் சேமிப்பு என்று எழுதியிருந்தாள். அது பொய், மகள் வேலை பார்த்த வீட்டில் சம்பளத்தை முன்பணமாக வாங்கி அதில் மாட்டிக்கொண்டாள் என்று இந்தக் கடிதத்தில் ஒப்புக்கொள்கிறாள். அதைப் படித்தவன், தங்கையை விலையாகக் கொடுத்துத் தனக்கு எதுவும் வேண்டாம் என்று தெருத்தெருவாக நடக்கிறான்.

இளங்கோ, உனக்கு இரண்டாம் ஆண்டுக்கு அனுப்பியது என் சேமநிதிப் பணம் அன்று. அக்காவின் நான்கு வளையல்களை மெருகு போட்டுத் தருகிறேன் என்று சொல்லி வாங்கி, எங்கள் வங்கியில் வைக்க வெட்கப்பட்டு, வெளியே ஒரு வட்டிக்கடையில் வைத்தேன். துனியாவாவது தெரிந்து செய்தாள். நான் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊராருக்கெல்லாம் ஏல அறிவிப்பு எழுதிய என் கைக்கு எனக்கு வந்த அறிவிப்பைப் பிரிக்கத் துணிவில்லை. வளையல்கள் மூழ்கிவிட்டன. பொங்கலன்று கண்ணாடி வளையல் போட்ட கையால் அவள் உனக்குப் பரிமாறியபோது, தங்க வளையல் எங்கே என்று நீ கேட்டாய். லாக்கரில் இருக்கிறது என்று அவளுக்கு முந்திக்கொண்டு நான் சொன்னேன். அவள் தலை நிமிரவில்லை. நீ சோற்றை வைத்துவிட்டு மாடிக்குப் போனாய். அதற்குப் பிறகுதான் பற்றுப் பத்தியில் வரி இல்லை.

இப்போது கணக்கில் இருப்பது முழுவதும் என் ஓய்வூதியத்திலிருந்து செலுத்தியது. வேண்டுமானால் ரசீதுகளின் நகலை அனுப்புகிறேன். வருகிற ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போகிறேன். மாப்பிள்ளை ஊரில் இல்லாத நாளாகப் பார்க்கலாம் என்று முதலில் நினைத்தேன். வேண்டாம், அவர் இருக்கும்போதே போகிறேன்.

விடுதிக்கு அனுப்பிய முறுக்குப் பொட்டலம் திரும்பி வந்தது. அம்மாவுக்குத் தெரியாது, விடுதி அலுவலக அறையில் அது இருப்பதாக நீ சொன்னாய் என்று நான்தான் அவளிடம் சொன்னேன். இந்தக் கடிதத்தை உன் நண்பன் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். முகவரி மாறியிருந்தால் எழுது. காரணம் எழுத வேண்டியதில்லை.

அப்பா